அமெரிக்காவுக்கு ஹாம் ரேடியோவோட போறேன், வி.யூ.2 லைசென்ஸ வச்சு அங்க பேசலாமா?

நெல்லை_அலை

எல்லாருக்கும் வணக்கம். மே கடைசில நானும் வீட்டம்மாவும் மக வீட்டுக்கு நியூஜெர்சி போறோம், அஞ்சு மாசம் இருப்போம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போனப்ப ரேடியோ எதுவும் எடுத்துட்டுப் போகல, மகளும் மாப்பிள்ளையும் காலைல லேப்டாப் முன்னாடி உக்காந்தா சாயங்காலம்தான் எந்திரிப்பாங்க, பேரன் ஸ்கூலுக்குப் போயிருவான், நான் ஜன்னல் ஓரமா உக்காந்து எதிர்ல நிக்கிற மரத்துல எத்தன அடிக்கு வயர் கட்டலாம்னு பாத்துக்கிட்டே அஞ்சு மாசத்த ஓட்டினேன். இந்தத் தடவ சும்மா இருக்கப் போறதில்ல.

என்கிட்ட இருக்கறது ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ், வி.யூ.2ன்னு ஆரம்பிக்கற ஜெனரல் கிரேடு, 19 வருஷம் ஆச்சு. ஐகாம் 705 ரேடியோ, ஒரு எண்ட் ஃபெட் வயர் ஆண்டெனா, மோர்ஸ் அடிக்கச் சின்ன பேடில், 6 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி, இவ்ளோதான் எடுத்துட்டுப் போற ஐடியா. நம்ம லைசென்ஸ வச்சு அங்க பேசலாமா, பேசினா கால்சைன (ரேடியோல நம்ம அடையாளப் பேர) எப்படிச் சொல்லணும், முன்கூட்டியே யாருக்காவது எழுதிக் கேக்கணுமா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

எஸ்டபிள்யூஆர்_1.1

அண்ணாச்சி, நல்ல செய்தி முதல்ல. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அமெச்சூர் விஷயத்துல பரஸ்பர ஒப்பந்தம் இருக்கு. நீங்க இந்தியக் குடிமகன், இந்திய லைசென்ஸ் செல்லுபடில இருக்கு, அவ்ளோதான் வேணும். எஃப்சிசிக்கு (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) விண்ணப்பம் கிடையாது, ஃபீஸ் கிடையாது, போய் இறங்கினதும் பேசலாம். பாஸ்போர்ட்டும் ஒரிஜினல் லைசென்ஸும் ரேடியோ பைலயே இருக்கட்டும்.

கால்சைன் சொல்றதுல ஒரு சின்ன விஷயம். நியூஜெர்சி ரெண்டாம் நம்பர் ஏரியா, அதனால உங்க கால்சைனுக்கு முன்னாடி டபிள்யூ 2 ஸ்ட்ரோக் (சாய்கோடு) சேக்கணும், பின்னாடி இல்ல. அப்புறம் நிறைய பேர் மறக்கற ரூல் ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு காண்டாக்ட்லயும் ஒரு தடவையாவது நீங்க எந்த ஊர், எந்த ஸ்டேட்ல இருக்கீங்கன்னு சொல்லியாகணும். உள்ளூர் ஹாமுக்கு அந்தக் கட்டாயம் இல்ல, விருந்தாளியா வர்ற நமக்குத்தான். நான் கலிஃபோர்னியால இருந்தப்ப முதல் ரெண்டு நாள் இது தெரியாம விட்டுட்டேன், அப்புறம் லாக் நோட்டு முதல் பக்கத்துலயே பெருசா எழுதி ஒட்டிக்கிட்டேன்.

குமரி_ரிப்பீட்டர்

நான் வி.யூ.3 (கீழ் கிரேடு), லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகுது, தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. அடுத்த மாசம் ஃப்ரெண்ட்ஸோட ஐரோப்பா டூர் போறேன், பாரிஸ், சுவிஸ், இத்தாலி, பையில ஒரு பாஃபெங் போட்டுட்டுப் போலாம்னு இருக்கேன். அஞ்சு வாட் ஹேண்ட்ஹெல்டு, டூரிஸ்ட் கூட்டத்துக்கு நடுவுல யாரு வந்து லைசென்ஸ் கேக்கப் போறா? இதுக்குப் போய் ஒப்பந்தம் அது இதுன்னு பாக்கணுமா?

மியூனிக்_மோர்ஸ்

தம்பி, பாக்கணும். என் கதையக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

நான் முன்னாடி டெக்சாஸ்ல ஹெச்1பில இருந்தேன். அங்க பரீட்சை எழுதி அமெரிக்க லைசென்ஸ், எக்ஸ்ட்ரா கிளாஸ் (அங்க உச்ச கிரேடு) வாங்கிட்டேன். ஆபீஸ் வேலையா ரெண்டு வாரம் ஜெர்மனி வரவேண்டி வந்துச்சு. ஐரோப்பால செப்ட்னு ஒரு ஏற்பாடு இருக்கு, டி/ஆர் 61-01னு அதுக்குப் பேரு, அதுல சேந்த நாட்டு லைசென்ஸ் இருந்தா இன்னொரு நாட்டுக்குப் போய் மூணு மாசம் வரைக்கும் தனி அனுமதி இல்லாம பேசலாம். அமெரிக்காவும் அதுல இருக்கு. நம்மகிட்டதான் அமெரிக்க லைசென்ஸ் இருக்கேன்னு நான் ரேடியோவ எடுத்து வச்சுட்டேன், டிஎல் ஸ்ட்ரோக் (டிஎல்னா ஜெர்மனி) போட்டு, பேசினதுக்கு அத்தாட்சியா அனுப்பற கார்டு கூட டிசைன் பண்ணியாச்சு.

கெளம்பறதுக்கு மொதநாள் ராத்திரி, எஃப்சிசி நோட்டீஸ பிரிண்ட் எடுத்து வச்சுக்கணும்னு சொல்லிருக்காங்களேன்னு எடுத்தேன், எடுத்தத சும்மா வாசிச்சேன். அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்னு இருக்கு. லைசென்ஸ் அமெரிக்காவோடது, ஆனா பாஸ்போர்ட் இந்தியா. நான் அந்தக் கணக்குல வரவே மாட்டேன். இந்தியா செப்ட்ல இல்லங்கறதால வி.யூ. லைசென்ஸும் உதவாது. ரெண்டு லைசென்ஸ் கையில இருந்தும் ஐரோப்பால ஒரு டிட் (மோர்ஸ் புள்ளி) அடிக்க உரிமை இல்ல. ரெண்டு வாரமும் ரேடியோவ சூட்கேஸ விட்டு வெளிய எடுக்கல, ராத்திரி ரூம்ல நெதர்லாந்து ட்வென்டே யூனிவர்சிட்டியோட வெப்எஸ்டிஆர் போட்டு 40 மீட்டர் பேண்ட் கேட்டுட்டு இருந்தேன். கேக்கறதுக்கு அது ஒரு அருமையான ரிசீவர், பிரவுசர் இருந்தாப் போதும், எங்க போனாலும் கேக்கலாம்.

இப்ப இங்கயே வேலை, ஜெர்மன்ல படிச்சுப் பரீட்சை எழுதி கிளாஸ் ஏ வாங்கிட்டேன். இப்ப டிரெயின் ஏறி ஆஸ்திரியா போனா ஓஇ ஸ்ட்ரோக் போட்டு டைரோல் மலை உச்சில உக்காந்து சோட்டா (மலை உச்சில இருந்து பேசற ஹாம் திட்டம்) பண்றேன், யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. அதே ஆள், அதே ரேடியோ. லைசென்ஸ் எந்த நாடு, பாஸ்போர்ட் எந்த நாடு, போற நாடு எதுன்னு மூணையும் சேத்துப் பாக்காம எவனும் பைய மூடக்கூடாது.

குமரி தம்பி, உங்களுக்கு இந்திய பாஸ்போர்ட், இந்திய லைசென்ஸ், அதனால பிரான்ஸ், சுவிஸ், இத்தாலி மூணுலயும் செப்ட் வழில முடியாது. தனியா அந்தந்த நாட்டுக்கு எழுதித்தான் கேக்கணும், அடுத்த மாசத்துக்குள்ள அது நடக்கற காரியமாத் தெரியல.

குமரி_ரிப்பீட்டர்

ஓ. இது எனக்குத் தெரியாது அண்ணா. ஆனாலும் அஞ்சு வாட்டுக்குப் புடிச்சு உள்ள போட்ருவாங்களா?

ஏரியல்_ஐயா

தம்பி, புடிப்பாங்களா மாட்டாங்களாங்கறது அப்புறம். நான் இந்த ஹாபிக்கு வந்து 40 வருஷம் ஆகப்போகுது, ஒண்ணு மட்டும் சொல்றேன்.

2004 டிசம்பர்ல பாரதி பிரசாத்ங்கற ஹாம் தலைமைல ஒரு டீம் போர்ட் பிளேருக்குப் போனாங்க. 1987க்கு அப்புறம் அந்தமான்ல இருந்து அமெச்சூர் யாரும் பேசினதில்ல, அதுக்கு அனுமதி வாங்க அந்தம்மா வருஷக்கணக்கா டில்லிக்கு நடையா நடந்தாங்க. உலகம் பூரா வி.யூ.4 (அந்தமான் கால்சைன்) கேட்டு முண்டியடிச்சுட்டு இருந்துச்சு. டிசம்பர் 26 காலைல சுனாமி. போன் போச்சு, கரண்ட் போச்சு. ஹோட்டல்ல வச்சிருந்த அந்த ஸ்டேஷன் அன்னிக்கே எமர்ஜென்சி ஸ்டேஷனா மாறி, தீவுல மாட்டிக்கிட்டவங்க உயிரோட இருக்காங்கற சேதி மெயின்லேண்டுக்கு அது வழியாத்தான் வந்துச்சு. அதிகாரிங்க அந்த ஸ்டேஷன நம்பி சேதி குடுத்தாங்கன்னா அது முறையா அனுமதியோட வந்த ஸ்டேஷன்ங்கறதாலதான். திருட்டுத்தனமா வயர் கட்டினவனா இருந்தா அன்னிக்கு அவனுக்கே ஒளியத்தான் நேரம் சரியா இருந்திருக்கும். 2006 ஏப்ரல்ல வெளிநாட்டு ஹாமுங்கள அந்தமான்ல வந்து பேச விட்டாங்கன்னா, 2007 ஜனவரில லட்சத்தீவுலயும் விட்டாங்கன்னா, அது அந்த நம்பிக்கையோட தொடர்ச்சி.

ஒருத்தன் போன எடத்துல கேக்காம பேசி மாட்டினா அடுத்து கேட்டு வர்ற பத்து பேருக்குக் கதவு மூடும். எனக்கு இதுல கோபம் உண்டு, மறைக்கல.

மியூனிக்_மோர்ஸ்

ஐயா சொன்னதோட ஒண்ணு சேக்கறேன். 1983 ஏப்ரல் 10, ஸ்ப்ராட்லி தீவுங்கள்ல இருந்து பேசலாம்னு ஜெர்மன் ஹாமுங்க சித்தார்த்தாங்கற பாய்மரப் படகுல போனாங்க. அந்தத் தீவுங்க மேல பல நாடு உரிமை கொண்டாடுது. கரைக்குக் கிட்ட போறப்பவே பீரங்கியால சுட்டாங்க, படகு எரிஞ்சு முழுகிருச்சு, ரெண்டு பேர் செத்துப் போனாங்க, மிச்சப் பேர் சின்னப் படகுல நாள்கணக்கா கடல்ல மிதந்து பொழச்சாங்க. பாரிஸ்ல பாஃபெங் வச்சிருக்கறதுக்கும் இதுக்கும் தூரம்தான், ஆனா நம்ம கைல இருக்கறது வெளியாளுங்க கண்ணுக்கு என்னவாத் தெரியும்ங்கறத மறக்க வேண்டாம்.

குமரி_ரிப்பீட்டர்

புரிஞ்சுது ஐயா. பாஃபெங் வீட்லயே இருக்கட்டும். வெப்எஸ்டிஆர் லிங்க் தேடி எடுத்துட்டேன், நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இத்தாலிக்காரங்க பேசறதக் கேட்டேன்.

கொழும்பு_அலை

அண்ணைமாருக்கு வணக்கம். இலங்கைக்கு வாற எண்ணம் இருக்கிற ஆக்களுக்கு ஒரு சொல். இங்க தொலைத்தொடர்பு ஆணைக்குழுவிட்ட முதலே விண்ணப்பிச்சு அனுமதி எடுத்துக்கொண்டுதான் செட்டைக் கொண்டுவரோணும். விமான நிலையத்தில வந்து நிண்டுகொண்டு எனக்கு இந்திய லைசென்ஸ் இருக்கெண்டு சொன்னால் சரிவராது. இன்னொண்டு, வடக்குப் பக்கம் போர் பாத்த ஊருகள். ஒரு மனிசன் பனைமரத்தில வயரைக் கட்டிப்போட்டுக் காதில ஹெட்போனோட குந்திக்கொண்டிருந்தால் சனம் பயப்படும், அவையளில பிழையில்லை. போற ஊரில ஆரிட்டயாவது முதலே சொல்லிப்போட்டு, சின்னப் பிள்ளையளுக்கு ஒருக்கா ஹெட்போனைக் குடுத்துக் கேக்க விடுங்கோ, பிறகு அவையளே மரத்தில ஏறி வயர் கட்டித் தருவினம்.

கோடைக்காலத்தில பருத்தித்துறைக் கரையில நிண்டு ரெண்டு மீட்டர் பேண்டில கேட்டால் உங்கட பக்கத்து ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பிற நிலையம்) சிலநேரம் பக்கத்து வீடு மாதிரிக் கேக்கும். அந்த நேரத்தில மனசு என்னவோ செய்யும்.

பேண்ட்பிளான்_பார்ட்டி

நெல்லை அண்ணாச்சி, முக்கியமான ஒண்ணு விட்டுப்போச்சு, எல்லாரும் அனுமதி பத்தியே பேசறோம், எங்க பேசறதுன்னு யாரும் சொல்லல. அமெரிக்கால விருந்தாளிக்கு ரெண்டு சட்டமும் ஒரே நேரத்துல பொருந்தும், நம்ம லைசென்ஸ் நிபந்தனையும் அவங்க ரூலும், ரெண்டுல எது இறுக்கமோ அதுதான் உங்களுக்கு.

நாம காலைல 40 மீட்டர்ல 7.080, 7.090 மெகாஹெர்ட்ஸ்னு சைட்பேண்ட்ல, அதாவது வாய்ஸ்ல, நெட் (கூட்டுப் பேச்சு) நடத்திப் பழகிட்டோம். நியூஜெர்சில அதே ஃப்ரீக்வென்சில மைக்க அமுக்கினா சட்ட மீறல். அங்க 7.125க்குக் கீழ வாய்ஸ் கிடையாது, அது மோர்ஸுக்கும் டேட்டாவுக்கும். அவங்களுக்கு வாய்ஸ் 7.300 வரைக்கும் போகும், ஆனா நமக்கு இந்தியால 40 மீட்டர் 7.200ல முடியுது. அப்ப கூட்டிக் கழிச்சா உங்களுக்குக் கெடைக்கற வாய்ஸ் துண்டு 7.125ல இருந்து 7.200. 20 மீட்டர்ல வாய்ஸ் 14.150க்கு மேல. கைப்பழக்கத்துல டயல் பழைய எடத்துக்கே போகும், அதனால மெமரில புதுசா போட்டு வச்சுக்கோங்க.

ரெண்டு மீட்டரும் அப்படித்தான். இந்தியால 144ல இருந்து 146, அங்க 148 வரைக்கும். அமெரிக்காவுல எல்லாரும் கூப்பிடற 146.520 நம்ம லைசென்ஸ்ல இல்லாத எடம்.

எஸ்டபிள்யூஆர்_1.1

146.520 விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். அமெரிக்கால வி.யூ. ஆளுங்க 146.520ல பேசறத நான் எத்தனையோ தடவ கேட்டிருக்கேன், யாரும் ஒண்ணும் சொன்னதில்ல.

பேண்ட்பிளான்_பார்ட்டி

யாரும் சொன்னதில்லங்கறதும் அனுமதி இருக்குங்கறதும் ஒண்ணா சார்? அமெரிக்க ஹாம் விதி பார்ட் 97ல 107ஆவது பிரிவ வாசிங்க, சொந்த நாட்டு லைசென்ஸோட நிபந்தனைகளுக்கு உட்பட்டுன்னு தெளிவா இருக்கு. அதே காரணத்தாலதான் வி.யூ.3 ஆளுக்கு அங்க போனதும் எக்ஸ்ட்ரா கிளாஸ் உரிமை வந்துராது.

எஸ்டபிள்யூஆர்_1.1

இப்ப மறுபடி வாசிச்சேன். நீங்க சொல்றதுதான் சரி. நான் முதல்ல போட்டதுலயே இதச் சேத்திருக்கணும்.

மியூனிக்_மோர்ஸ்

அஞ்சு மாசம் இருக்கீங்க, அண்ணாச்சி, அங்கயே பரீட்சை எழுதி அமெரிக்கக் கால்சைன் வாங்கற யோசனை வரும், அதுல ஒரு பொறி இருக்கு, கவனமா இருங்க. பரீட்சை யாரு வேணா எழுதலாம், வெளிநாட்டு அரசோட பிரதிநிதியா மட்டும் இருக்கக்கூடாது. மக வீட்டு அட்ரஸ் போதும். எஃப்சிசி ஃபீஸ் 35 டாலர். முதல் படியான டெக்னீஷியன்ல 35 கேள்வி, 26 சரியா இருந்தா பாஸ், கேள்வி பூராவும் முன்கூட்டியே வெளியிட்ருவாங்க.

பொறி என்னன்னா, எஃப்சிசி லைசென்ஸ் கைக்கு வந்த நிமிஷத்துல இருந்து விருந்தாளி உரிமை போயிரும். அப்புறம் டபிள்யூ 2 ஸ்ட்ரோக் வி.யூ.2ன்னு சொல்ல முடியாது. டெக்னீஷியன் மட்டும் பாஸ் பண்ணிட்டு நின்னுட்டீங்கன்னா ஹெச்எஃப்ல (தூரம் போற சிற்றலை) 20 மீட்டர் மொத்தமா கைய விட்டுப் போகும், இத்தன வருஷமா ஜெனரல் கிரேடுல இருந்த ஆளுக்கு. ஒரே நாள்ல ஒரே உக்காருல டெக்னீஷியன், ஜெனரல், எக்ஸ்ட்ரா மூணும் எழுதலாம், ஜெனரலாவது தாண்டுவேன்னு நிச்சயம் இருந்தா மட்டும் போங்க.

சிங்கை_டூமீட்டர்

பேட்டரி பத்தி யாரும் சொல்லலியே. கணக்கு சிம்பிள், வோல்ட்ட ஆம்பியர் ஹவரால பெருக்குங்க. உங்க 6 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டா இருந்தா 12.8 தடவ 6, 76.8 வாட் ஹவர். 100க்குள்ள இருக்கு, கைப்பைல தாராளமாப் போகும். செக் இன் பைல போடவே கூடாது. அதே பேட்டரி 10 ஆம்பியர் ஹவர்னா 128 ஆயிரும், அப்ப ஏர்லைன்ஸ்கிட்ட முன்னாடியே சொல்லி சம்மதம் வாங்கணும். டெர்மினல் ரெண்டுக்கும் டேப் சுத்துங்க, வாட் ஹவர் எண்ண பெருசா எழுதி மேல ஒட்டுங்க.

போன வருஷம் ஒரு ட்ரான்சிட் ஏர்போர்ட்ல என்ன முக்கா மணி நேரம் நிறுத்திட்டாங்க. ஸ்கேனர்ல பாத்தா சுருட்டின வயர், ஒரு டப்பா, பக்கத்துல பேட்டரி, எப்படி இருக்கும் யோசிங்க. மூணும் ஒரே பைல ஒண்ணா அமுக்கி வச்சது என் தப்பு. இப்பல்லாம் தனித்தனி ஜிப் கவர்ல போட்டு, தட்டுல நானே வெளிய எடுத்து வச்சு, லைசென்ஸ் காப்பிய மேல வச்சுடறேன்.

வீட்ல இருக்கற பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் பவர் சப்ளை எடுத்துட்டுப் போகாதீங்க, 230க்குக் கட்டினது அமெரிக்கா 120 வோல்ட்ல வேலைக்கு ஆகாது. கெளம்பறப்ப நம்ம ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல சீரியல் நம்பரக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிக்கோங்க, திரும்பி வர்றப்ப அங்கிருந்து புதுசா வாங்கிட்டு வந்தீங்களான்னு கேள்வி வராது.

ஏரியல்_ஐயா

எதிர்ப்பக்கமும் சொல்லிரணும். வெளிநாட்டு நண்பர்கள் இங்க வர்றப்ப நாமதான் முன்னாடியே எச்சரிக்கணும். ரேடியோவ டபிள்யூபிசி (மத்திய அரசோட வயர்லெஸ் பிரிவு) அனுமதி இல்லாம கொண்டு வரக்கூடாதுங்கறது ஹாமுங்களுக்காவது தெரியும். ஆனா மலை ஏற வர்றவங்க கார்மின் இன்ரீச் (சேட்டிலைட் வழியா சேதி அனுப்பற கருவி), சேட்டிலைட் போன் எல்லாம் சாதாரணமாப் பைல போட்டுட்டு வந்துடறாங்க. அனுமதி இல்லாம அது இங்க குற்றம், ஏர்போர்ட்லயே வெளிநாட்டுக்காரங்க கைதாகிருக்காங்க. அவங்க ஊர்ல அது உயிர் காக்கற சாமான், இங்க அது கேஸ். கூப்பிடறவங்க மெயில்ல ஒரு வரி எழுதினாப் போதும்.

நெல்லை_அலை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நியூஜெர்சி வந்து மூணு வாரம் ஆச்சு, நடந்தத எழுதறேன்.

ஏர்போர்ட்ல சிங்கை தம்பி சொன்ன மாதிரியே தனித்தனியா எடுத்து வச்சேன், பேட்டரி ஸ்டிக்கரப் பாத்தாங்க, விட்டுட்டாங்க. மக வீட்ல ஆண்டெனா கட்ட முடியல, அந்தக் குடியிருப்புச் சங்கத்து விதில வெளிய எதுவும் தொங்கக்கூடாது, மகளுக்குத் தொந்தரவு குடுக்க எனக்கும் மனசில்ல. பரீட்சையும் எழுதல, வி.யூ.2ன்னே பேசணும்னு ஆசை.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை கார்ல சாண்டி ஹூக் கூட்டிட்டுப் போனார். கடலுக்குள்ள நீட்டிட்டு இருக்கற மணல் திட்டு, வடக்க பாத்தா தண்ணிக்கு அந்தப்பக்கம் மன்ஹாட்டன் கட்டடம் வரிசையாத் தெரியும். அங்க பார்க் ஊழியர்கிட்ட லைசென்ஸக் காட்டி, மரத்துல கட்ட மாட்டேன், தூண்டில் கம்புல வயரச் சுத்தி மணல்ல நட்டுக்கறேன்னு கேட்டோம், ஆளுங்க நடக்கற பாதைல இல்லாமப் பாத்துக்கோங்கன்னார். தண்ணி ஓரமா உப்பு ஈரம் படற எடத்துல நட்டேன், ஈர மணல்ல நாலு ரேடியல் வயர். உப்புத் தண்ணி பக்கத்துல செங்குத்து ஆண்டெனா தாழ்வான கோணத்துல நல்லாப் போகும்னு நானும் படிச்சிருக்கேன், கண்ணால அன்னிக்குத்தான் பாத்தேன்.

ஜூன் நடுவுல இங்க சூரியன் மறையறது ராத்திரி எட்டரைக்கு. நம்ம ஊருக்கு ஒம்பதரை மணி நேரம் கூட்டினா காலைல ஆறு. நெல்லைல ஜூன்ல சூரியன் வர்றதும் அதே ஆறு மணிதான். இங்க சாயற நேரமும் அங்க எழும்பற நேரமும் ஒண்ணாப் போகுது, ரெண்டு ஊரும் அந்தப் பத்து இருபது நிமிஷம் கிரேலைன்ல (பகலும் ராத்திரியும் சந்திக்கற கோட்டுல) நிக்குது. ஊர்ல இருக்கற ஒரு பழைய நண்பர்கிட்ட இதச் சொல்லி வச்சிருந்தேன், அவர் தூத்துக்குடி பக்கம், நானும் அவரும் ஒண்ணாத்தான் மோர்ஸ் படிச்சோம்.

எட்டு இருவதுக்கு 14.030 பக்கம் மோர்ஸ்ல கூப்பிட ஆரம்பிச்சேன், 10 வாட். இத்தாலி வந்துச்சு, உக்ரைன் வந்துச்சு. எட்டு முப்பத்தி நாலுக்கு இரைச்சலுக்கு அடில ஒரு நூல் மாதிரி வி.யூ.2ன்னு கேட்டுது. மிச்ச எழுத்து மங்கிருச்சு, ஆனா எனக்கு கால்சைன் தேவப்படல. அவர் கே (நீங்க பேசுங்கன்னு அர்த்தம்) அடிக்கறப்ப கடைசி டாஷ ஒரு இழுப்பு இழுப்பார், படிக்கற காலத்துல மாஸ்டர் அதுக்கு அவரத் திட்டிட்டே இருப்பார். அந்த இழுப்பு அப்படியே கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர் தாண்டி வந்துச்சு. சிக்னலுக்கு மார்க் 339 குடுத்தேன், ரூல்படி சாண்டி ஹூக், நியூஜெர்சின்னு ஊரும் ஸ்டேட்டும் அடிச்சேன். அவர் 449 குடுத்துட்டு, இங்க இப்பதான் வெளிச்சம் வருதுன்னு அடிச்சார். இங்க இப்பதான் இருட்டுதுன்னு அடிச்சேன். அதுக்கப்புறம் ரெண்டு நிமிஷத்துல சிக்னல் முழுகிருச்சு.

ஜூன் கடைசி வரைக்கும் சனி ஞாயிறு மழை இல்லன்னா அங்கதான் இருப்பேன், 14.030 இல்லன்னா ரெண்டு மூணு கிலோஹெர்ட்ஸ் மேல கீழ. காலைல அஞ்சே முக்காலுக்கு எந்திரிக்கறவங்க காது குடுங்க. 73 (வாழ்த்துகள்).

குமரி_ரிப்பீட்டர்

அண்ணாச்சி, எனக்கு இன்னும் மோர்ஸ் வராது, ஆனா ஞாயித்துக்கிழமை அலாரம் வச்சுட்டேன். மொட்ட மாடில வயர் கட்டியாச்சு. கேட்டா இங்க வந்து எழுதறேன்.